எந்த வைரசு காவட்டும்?

மருமகள் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்து நின்றாள். உயிரியல் படித்து முடித்தவள். மேற்படிப்புக்கு வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் மூன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. மூன்றுமே மலேரியாத் தடுப்பூசிக்காக வேலை செய்கிற இடங்கள். மலேரியா ஒட்டுண்ணியின் பரம்பரையலகு ஒன்றை எடுத்து, பெரிய தீங்கு செய்யாத ஒரு வைரசுக்குள் செருகி, அந்த வைரசை உடம்புக்குள் அனுப்புவதுதான் மூன்று இடத்திலும் நடக்கிற வேலை. எந்த வைரசு என்பதில்தான் பிரிகிறார்கள்.

"மாமா, நீங்கள் இந்தக் காய்ச்சலோட முப்பது வருசம் மாரடிச்சனீங்கள். நான் எதை எடுக்க?"

நான் விஞ்ஞானி அல்ல. வன்னியில் இரத்தப் பூச்சுப் பார்த்தவன். விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் துளி எடுத்து, காயவிட்டு, கீம்சாச் சாயம் ஊற்றி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துத் தேடுவதுதான் என் தொழில். தொண்ணூறுகளில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. பழைய நுணுக்குக்காட்டியின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். மேசையை மரத்தடிக்கு இழுத்துப்போட்டு, கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்போம். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். வரிசையில் நிற்கிறவர்களும் எங்களோடு சேர்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சம் வந்ததும் தெரியும்: நீல மோதிரம் ஒன்று, அதில் பதித்த சிவப்புக் கல் மாதிரிக் கரு, ஊதிப்போன செங்குழியம் முழுக்க இளஞ்சிவப்புப் பொட்டுகள். வைவக்ஸ், மலேரியாவில் ஒரு வகை. அட்டையில் எழுதிவிட்டு அடுத்த தகட்டை எடுப்பேன்.

அந்த அனுபவம் தடுப்பூசி வடிவமைக்கப் போதாது. ஆனால் ஓய்வுக்குப் பிறகு வாசிக்கிற பழக்கம் விடவில்லை. அவளுக்குப் பதில் சொல்ல இரண்டு கிழமை எடுத்தேன். சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இல்லாத நோய்க்கு எதற்கு ஊசி?

பக்கத்து வளவுக்காரர் இதைத்தான் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளியை 2012 ஒக்ரோபரில் பதிந்தார்கள். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. தடுப்பூசி ஒரு துளிகூட இல்லாமல் நடந்த காரியம் அது. பூச்சுப் பார்த்தது, வீட்டுச் சுவருக்கு மருந்தடித்தது, மருந்தூட்டிய நுளம்பு வலை கொடுத்தது, காய்ச்சல்காரரைத் தேடி ஒழுங்கைக்கு ஒழுங்கை சைக்கிள் உழக்கியது, அவ்வளவுதான். போருக்கு நடுவிலும் வன்னியில் அதை விடாமல் செய்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தலைக்கனத்துக்கு மருந்தும் இதே நாட்டின் கணக்கில் இருக்கிறது. 1934, 35இல் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோன காய்ச்சலை டிடிரிப் பூச்சிமருந்து அடித்து அடித்து 1963இல் வெறும் 17 நோயாளர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். வென்றுவிட்டோம் என்று கையைக் கழுவினார்கள். 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இப்போது மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற இந்தியப் பக்கத்து நுளம்பு வந்து குடியேறியிருக்கிறது. எங்கள் பழைய எதிரி, கியூலிசிபேசிஸ், வற்றுகிற ஆற்றுப்படுக்கையின் கிடங்குகளில் முட்டையிடும். இது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் இடும். ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் போய்வருகிறவர்களின் இரத்தத்தில் ஒட்டுண்ணி வந்துகொண்டேதான் இருக்கிறது.

நம்மை விடுங்கள். 2023இல் உலகம் முழுவதும் 26 கோடிக்கு மேற்பட்ட தடவை இந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது. இறந்தவர்கள் ஏறக்குறைய 6 இலட்சம். பெரும்பாலும் ஆபிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். மருமகள் வேலை செய்யப்போவது அந்தப் பிள்ளைகளுக்காக.

வண்டில் மாடு

தமிழில் நுளம்பையும் காவி என்கிறோம், தடுப்பூசி வைரசையும் காவி என்கிறோம். ஒன்று நோயைக் காவுகிறது, மற்றது நோயின் அடையாளத்தைக் காவுகிறது. வைரசை நான் வண்டில் மாடாக நினைத்துப் பார்ப்பதுண்டு. கலத்துக்குள் புகுந்து தன் பரம்பரையலகை இறக்குவது அதன் பிறவித் தொழில். அந்தப் பொதியோடு மலேரியாப் புரதம் ஒன்றுக்கான குறிப்பையும் ஏற்றிவிட்டால், எங்கள் கலமே அந்தப் புரதத்தைச் செய்து தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும். உடம்பின் காவல்படை பார்த்துப் பழகிக்கொள்ளும்.

மாட்டில் இரண்டு வகை. நலமடித்த எருது வண்டில் இழுக்கும், இனம் பெருக்காது. நாம்பன் இழுக்கவும் செய்யும், பெருகவும் செய்யும். "உயிருள்ள வைரசுக் காவி" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். மருமகளுக்கு வந்த மூன்றில் ஒன்று எருது, இரண்டு நாம்பன்.

சரி, மலேரியாவுக்கு ஏன் வைரசைத் தேடிப் போனார்கள்? நுளம்பு குத்தும்போது தோலுக்குள் இறங்குவது பெரும்பாலும் நூறுக்குக் குறைந்த ஒட்டுண்ணிகள்தான். அவை விரைவிலேயே ஈரலுக்குப் போய்விடும். அங்கே ஒரு கிழமையளவு சத்தமில்லாமல் இருந்து, ஒன்று பல்லாயிரமாகப் பெருகி, பிறகு இரத்தத்துக்குள் கொட்டும். காய்ச்சல் காய்வது அதற்குப் பிறகுதான். நான் தகட்டில் பார்த்ததெல்லாம் இந்தக் கடைசிக் கட்டத்தை. ஈரலுக்குப் போகிற வழியில் மறிக்கவேண்டுமானால் பிறபொருளெதிரி, அதாவது ஒட்டுண்ணியைப் பிடித்துக்கொள்ள உடம்பு செய்கிற புரதம், வேண்டும். ஈரல் கலத்துக்குள் புகுந்தபின் பிறபொருளெதிரி அதைத் தொடாது. அந்தக் கலத்தையே கொன்றுபோடுகிற ரீ கலங்கள் என்ற வெண்குழியங்கள் வேண்டும். புரதத்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் பிறபொருளெதிரி நன்றாக வரும், கொல்லி ரீ கலம் அவ்வளவு வராது. வைரசு காவிக்கொண்டு போனால் கொல்லி ரீ கலம் நன்றாக வரும். முப்பது வருட முயற்சிக்கும் காரணம் இவ்வளவுதான்.

மின்னஞ்சலில் இல்லாத நாலாவது

மூன்றையும் தராசில் வைக்க முன்னம் ஒரு படிக்கல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்த மலேரியாத் தடுப்பூசிகள் இரண்டு. 2021 ஒக்ரோபரில் ஆர்ரிஎஸ்,எஸ். 2023 ஒக்ரோபரில் ஆர்21. இரண்டிலும் உயிருள்ள வைரசு எதுவும் கிடையாது. செங்கண்மாரி வைரசுகளில் ஒன்றான ஹெபரைற்றிஸ் பியின் மேலுறைப் புரதம் தானாகவே உருண்டையாகச் சேரும். அந்த உருண்டையின் மேல் மலேரியா ஒட்டுண்ணியின் மேற்புறப் புரதத்தில் ஒரு துண்டைத் தைத்து, உடம்பை உசுப்பும் துணைமருந்து ஒன்றையும் கலந்து குத்துகிறார்கள். முதலாவதை ஏழு ஆபிரிக்க நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பிள்ளைகளில் பார்த்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாலு ஊசி போட்டு நாலு வருடம் கணக்கெடுத்தபோது காய்ச்சல் 36 வீதம் குறைந்திருந்தது. ஆர்21, மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பரவும் இடங்களில் முதல் வருடத்தில் 75 வீதம் தடுத்தது, வருடம் முழுக்கப் பரவும் இடங்களில் 68 வீதம். ஒரு ஊசி இரண்டு முதல் நாலு டொலர்.

ஆர்21ஐ உருவாக்கியது ஒக்ஸ்போட்டின் ஜென்னர் நிறுவகம். தலைமை தாங்கியவர் ஏட்றியன் ஹில். ஈரலில் ரீ கலங்களை எழுப்ப வைரசுக் காவிகளோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவரும் இதே ஹில்தான். கடைசியில் அவரைக் கரைசேர்த்தது வைரசு இல்லாத புரத உருண்டை. மருமகளுக்கு இதை இரண்டு தரம் சொன்னேன். எந்தக் காவியை எடுத்தாலும் அவள் ஓடப்போவது இந்த ஊசிக்குப் பின்னால்தான்.

சிம்பன்சியின் தடிமன் வைரசு, அதன்மேல் எம்விஏ

முதலாவது ஆய்வுகூடம் இது. அதிகம் பேசவேண்டியதும் இதைத்தான், ஏனென்றால் மனிதரில் மெய்யாகப் பார்த்த கணக்கு இதற்குத்தான் இருக்கிறது.

அடினோவைரசு தடிமன் தருகிற சாதி. பெருகுவதற்குத் தேவையான பரம்பரையலகை வெட்டி எடுத்துவிட்டால் எருதாகிவிடும். முதலில் மனித அடினோ 5ஐத்தான் எடுத்தார்கள். அதில் ஒரு வில்லங்கம்: உலகில் ஏராளமானோருக்குச் சின்ன வயதிலேயே அந்தத் தடிமன் வந்துபோயிருக்கும். ஆபிரிக்காவில் இன்னும் கூட. உடம்பு வண்டிலை வாசலிலேயே மறித்துவிடும், சுமை இறங்காது. 2007இல் அதே வைரசைக் காவியாக வைத்துச் செய்த எச்ஐவித் தடுப்பூசிப் பரிசோதனையை இடையில் நிறுத்தினார்கள். பாதுகாப்புக் கிடைக்காதது மட்டுமல்ல, அடினோ 5க்கு எதிர்ப்பு ஏற்கெனவே இருந்த ஆண்களில் ஒரு பகுதியினருக்குத் தொற்று கூடுதலாகத் தெரிந்தது. மலேரியாவில், டிஎன்ஏ ஊசி முதலில் போட்டு அடினோ 5ஐ மேலே போட்டு, மலேரியா நுளம்பால் குத்தவிட்ட 15 பேரில் 4 பேர் தப்பினார்கள். அடினோ 5ஐத் தனியே போட்டபோது ஒருவரும் தப்பவில்லை.

ஆகவே மனிதருக்குப் பழக்கமில்லாத சிம்பன்சி அடினோவுக்குப் போனார்கள். சிஎச்ஏடி63 என்று பெயர். எட்டுக் கிழமை கழித்து எம்விஏ என்ற இரண்டாவது காவி. எம்விஏயின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அம்மை குத்தப் பயன்பட்ட வக்சீனியா வைரசை ஜேர்மனியில் கோழிக்குஞ்சுக் கருக் கலங்களில் 570 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கோழியோடேயே பழகிப் பழகி, மனிதக் கலத்தில் பெருகத் தேவையான பரம்பரையலகுகளை அது தொலைத்துவிட்டது. கத்தி வைக்காமலே நலமடித்த மாதிரி. எழுபதுகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜேர்மனியருக்கு அதைக் குத்தினார்கள். இப்போது குரங்கம்மைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். முதல் ஊசியும் இரண்டாவது ஊசியும் வேறு வேறு வைரசு என்பதில்தான் சூட்சுமம். முதல் வண்டிலை அடையாளம் கண்டு மறிக்கப் பழகிய உடம்பு இரண்டாவது வண்டிலை மறிக்காது. சுமை மட்டும் ஒன்றே.

இனிக் கணக்கு. 2013இல் வெளியான ஒக்ஸ்போட் பரிசோதனையில் இந்த இரண்டு ஊசியும் போட்ட 14 பேரை வேண்டுமென்றே மலேரியா நுளம்பால் குத்தவிட்டார்கள். 3 பேருக்கு நோயே வரவில்லை. 5 பேருக்குப் பிந்தி வந்தது. கொல்லி ரீ கலம் கூடியவர்களுக்குப் பாதுகாப்பும் கூடியிருந்தது என்பதும் தெரிந்தது. அதற்கு முன்னம், ஏழு மலேரியாப் பரம்பரையலகை ஒரே வக்சீனியாவில் ஏற்றிய நைவக்-பிஎஃப்7இல் 35 பேரில் தப்பியது ஒரேயொருவர். ஆகவே இது முன்னேற்றம்தான். கென்யாவில் வளர்ந்த ஆண்களுக்குப் போட்டு எட்டுக் கிழமை பார்த்தபோது தொற்று 67 வீதம் குறைந்தது. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். செனகலில் அதே ஊசி 8 வீதம், அதாவது ஒன்றுமில்லை. பிறகு புர்க்கினா பாசோவில் 5 முதல் 17 மாதப் பிள்ளைகள் 700 பேரில் பார்த்தார்கள். கணக்கில் எடுக்கத்தக்க பாதுகாப்பு இல்லை.

இந்த இடத்தில் மருமகளின் முகம் வாடிவிட்டது. எனக்கோ இதில் அதிசயம் தெரியவில்லை. ஈரலில் ஆயிரக்கணக்கான கோடிக் கலங்கள். ஒட்டுண்ணி ஒளிந்திருப்பது அதில் சில பத்துக் கலங்களில். கையில் ஒரு கிழமைதான். வவுனிக்குளத்துக்குக் கீழே உள்ள வயல் முழுவதிலும் நாலைந்து கதிரில் மட்டும் பூச்சி இருக்கிறது, அதை ஏழு நாளுக்குள் ஒன்றும் மிச்சமில்லாமல் பிடிக்கவேண்டும் என்றால் எத்தனை ஆட்களை இறக்கவேண்டும்? அவ்வளவு ரீ கலத்தை எழுப்புவதே கஷ்டம். எழுப்பினாலும் சில மாதத்தில் எண்ணிக்கை வடிந்துவிடும். ஒன்றே ஒன்று தப்பினாலும் அது பல்லாயிரமாகி இரத்தத்தில் இறங்கும். ஆர்21இன் 75 வீதம் காய்ச்சல் குறைந்த கணக்கு, அது முழு இலாபம். ஈரலில் ஒட்டுண்ணியில் 75 வீதத்தைக் கொன்றால் காய்ச்சல் ஒரு நாள் பிந்தி வரும், அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்த்தால் என்ன? சேர்த்தும் பார்த்தார்கள். ஆர்ரிஎஸ்,எஸ் மட்டும் போட்ட 16 பேரில் 12 பேர் தப்பினார்கள். அதோடு இந்த வைரசு ஊசிகளையும் போட்ட 17 பேரில் 14 பேர். கூடத்தான், ஆனால் கையைத் தட்டும் அளவுக்கு வித்தியாசமில்லை.

இவ்வளவு சொன்னபின் இந்தக் காவியின் நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும். சேரா கில்பேட் என்ற விஞ்ஞானி 1994இல் ஒக்ஸ்போட்டில் ஹில்லின் குழுவில் சேர்ந்தது மலேரியா வேலைக்காக. அந்தக் கூடத்தில் இந்தச் சாதிக் காவிகளோடு பழகிய கைதான் 2020இல் சிஎச்ஏடிஒக்ஸ்1 என்ற இன்னொரு சிம்பன்சி அடினோவில் கொரோனாவின் புரதத்தை ஏற்றியது. இந்தியாவின் சீரம் நிறுவனம் செய்து கோவிஷீல்ட் என்ற பெயரில் 2021 சனவரியில் இலங்கைக்கு வந்த ஊசி அது. முதலில் சுகாதாரத்துறை ஆட்களுக்குப் போட்டார்கள். மலேரியாவை மறிக்கப் பழக்கிய வண்டில் வேறொரு சுமையோடு எங்கள் தோளில் ஏறிப்போனது. ஆர்21ஐ இப்போது பெருமளவில் செய்வதும் அதே சீரம் நிறுவனம்தான். கோடிக்கணக்கில் மலிவாகச் செய்யலாம், சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்பதெல்லாம் அடினோவுக்கு நிரூபணமாகிவிட்டது. குறையும் அங்கேதான் தெரிந்தது. மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைந்து, குருதிச் சிறுதட்டுகள் குறைந்துபோயின. பல ஐரோப்பிய நாடுகள் இளவயதினருக்கு அந்த ஊசியை நிறுத்தின. கைக்குழந்தைக்குப் போடும் ஊசி என்றால் இந்தக் கேள்வியை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

சின்னமுத்து ஊசியில் ஏறிப்போதல்

இரண்டாவது ஆய்வுகூடம் சின்னமுத்து வைரசை, அதாவது தடுப்பூசிக்காக நலிவாக்கிய வகையை, காவியாக எடுக்கிறது. இது நாம்பன். உடம்புக்குள் கொஞ்சம் பெருகும். ஆகவே சின்ன அளவு போதும், எதிர்ப்பும் நீண்டு நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. இங்கே பிள்ளைக்கு ஒன்பது மாதத்தில் கிளினிக்கில் போடுகிற முக்கூட்டு ஊசியில் இருப்பது இந்த வகைதான். ஒரே ஊசியில் சின்னமுத்துக்கும் மலேரியாவுக்கும் காப்பு என்று நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. மருமகளுக்கும் மனசு இதில்தான் இருந்தது.

இந்த வழி கற்பனை அல்ல. மஞ்சள் காய்ச்சல் ஊசியின் 17டி வைரசின் உடலுக்கு வேறு சட்டை போட்டு டெங்குக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் ஊசி செய்து விற்பனைக்கும் விட்டார்கள். எபோலாவுக்கு 2019இல் அனுமதி பெற்ற ஊசியும் பெருகுகிற காவிதான். ஆனால் அவை எல்லாவற்றிலும் நோயும் வைரசு, காவியும் வைரசு. ஒரு சட்டையை மாற்றினால் போதும். மலேரியா ஒட்டுண்ணிக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பரம்பரையலகுகள், கட்டத்துக்குக் கட்டம் வேறு வேடம். எந்தச் சட்டையைக் கழற்றிப் போடுவது?

சின்னமுத்துக் காவியில் ஒட்டுண்ணியின் மேற்புறப் புரதத்தை ஏற்றி எலிகளில் பார்த்திருக்கிறார்கள், பாதுகாப்பும் கிடைத்தது. எலியோடு என் ஆட்சேபம் தொடங்குகிறது. மலேரியாத் தடுப்பூசிகளில் எலியைக் காப்பாற்றாதது குறைவு. எலியில் வென்று மனிதரில் கவிழ்ந்தவைதான் ஒரு பட்டியல். மற்றது, தாயின் பிறபொருளெதிரி பிள்ளையின் இரத்தத்தில் இருக்கும்வரை சின்னமுத்து வைரசு சரியாகப் பெருகாது. ஒன்பது மாதம் பொறுப்பதே அதற்காகத்தான். ஆபிரிக்காவில் மலேரியா அவ்வளவு நாள் பொறுக்காது. ஆர்21ஐ ஐந்து மாதத்திலிருந்து போடுகிறார்கள். எதிர்ப்பு நலிந்த பிள்ளைக்கு உயிருள்ள, பெருகுகிற வைரசைக் குத்தக்கூடாது என்ற கவலை வேறு.

விடாமல் தங்கும் வைரசு

மூன்றாவது ஆய்வுகூடம் சைற்றோமெகலோ வைரசு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒருமுறை உடம்புக்குள் போனால் சாகும்வரை போகாது. அதுதான் அதன் பலம். காவல்படையை ஓயவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பதால் ரீ கலங்கள் வடிந்துபோகாமல் ஈரல் போன்ற இடங்களில் தயாராக நிற்கும். முதலாவது காவி தோற்ற இடத்துக்கு நேர் மருந்து. 2019இல் வெளியான ஆய்வில் குரங்குகளுக்கு இந்த வழியில் ஊசி போட்டு, நோல்சி என்ற குரங்கு மலேரியாவைக் கொடுத்தபோது, ஈரலிலிருந்து வெளியேறிய ஒட்டுண்ணி 75 முதல் 80 வீதம் குறைந்தது. நல்ல எண்தான். ஆனால் மேலே சொன்ன கதிர்க் கணக்கை நினைத்துப் பாருங்கள், மிச்சம் 20 வீதம்.

அதைவிட, கர்ப்பத்தில் இந்த வைரசு தொற்றினால் பிறக்கிற பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம். காவியாக எடுக்கிறவர்கள் அதை நலிவாக்கித்தான் எடுக்கிறார்கள். என்றாலும் உடம்பை விட்டுப் போகாத ஒரு வைரசை நோயில்லாத பிள்ளைக்குக் குத்துங்கள் என்று ஒரு தாயிடம் கேட்கப்போகிறவர் யார்? வலைக்கு மருந்தூட்டியதற்கே எத்தனை வீட்டில் எங்களைத் திட்டினார்கள்! ஆராய்ச்சியாக அருமையான வழி. பட்டம் முடிக்க அவளுக்கு இருக்கிற நாலு வருடத்தில் மனிதக் கைக்கு ஊசியாக வராது.

வன்னியின் மலேரியா எது?

இவ்வளவும் பேசியது பெரும்பாலும் பல்சிபாரம் பற்றி. ஆபிரிக்காவில் கொல்வது அது. நான் தகட்டில் அதிகம் பார்த்தது வைவக்ஸ். அதற்கு இன்னும் அனுமதி பெற்ற தடுப்பூசி ஒன்றுமே இல்லை.

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். ஒரே வருடத்தில் மூன்று தரம் காய்ச்சல், மூன்று தரமும் வைவக்ஸ். "வலை பாவிக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். "ஐயோ தம்பி, நான் வலைக்குள்ளதான் படுக்கிறனான்" என்று சத்தியம் பண்ணினார். அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கும். வைவக்சில் ஒரு பகுதி ஈரலிலேயே உறங்கிவிடும். நுளம்பு குத்தாமலே கிழமைகள், மாதங்கள் கழித்து எழும்பும். உறங்குவதை எழுப்பாமல் கொல்லும் பிறைமாகுயின் குளிசையை நாட்கணக்கில் விடாமல் விழுங்கவேண்டும். காய்ச்சல் விட்டதும் குளிசையும் நின்றுவிடும். படித்தது எங்களுக்குத் தெரியும், ஆனாலும் வாய் முதலில் வலையைத்தான் கேட்டது.

2023இல் ஒக்ஸ்போட் குழு வைவக்ஸ் செங்குழியத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தது. சிம்பன்சி அடினோவும் எம்விஏயும் காவிப்போனபோது பலன் இல்லை. அதையே புரதமாகத் துணைமருந்தோடு கொடுத்தபோது இரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் வேகம் பாதியாகக் குறைந்தது. பல்சிபாரத்தில் ஆர்எச்5 என்ற புரதத்துக்கும் இதேதான் நடந்தது. முதலில் வைரசில் ஏற்றிப் பார்த்து, பிறகு புரதமாக்கி, புர்க்கினா பாசோப் பிள்ளைகளில் ஆறு மாதத்துக்கு 55 வீதப் பாதுகாப்புக் கண்டார்கள். இரண்டுமே பிறபொருளெதிரி செய்யவேண்டிய வேலை. அதை வைரசுக் காவியிடம் கொடுத்தது உலக்கையால் மீன் வெட்டின கதை.

ஆனால் ஈரலில் உறங்குகிற வைவக்சைப் பிறபொருளெதிரி எட்டாது. அங்கே ரீ கலம்தான் போகவேண்டும். ரீ கலத்தை எழுப்புவதில் இன்றுவரை கெட்டிக்காரன் வைரசுக் காவிதான். ஏழு நாள் அவசரமும் அங்கே இல்லை, ஒட்டுண்ணி மாதக்கணக்கில் அதே கலத்துக்குள் படுத்திருக்கிறது. சிக்கல், உறங்குகிற ஒட்டுண்ணி மிகக் கொஞ்சப் புரதத்தையே செய்கிறது, ரீ கலத்துக்கு அடையாளம் காட்ட அதிகம் இல்லை. அந்த அடையாளத்தைத் தேடுவதுதான் நாலு வருடத்துக்குத் தகுந்த வேலை என்று எனக்குப் படுகிறது.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இது. முதலாவது ஆய்வுகூடத்தை எடு, பிள்ளை. அது பிள்ளைகளில் தோற்றது உண்மை. ஆனால் எங்கே, எத்தனை பேரில், எவ்வளவு தோற்றது என்று எண்ணிவைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் இன்னும் தோற்கக்கூட இல்லை, எலியிலும் குரங்கிலும் நிற்கின்றன. அடினோவையும் எம்விஏயையும் கையாளப் பழகினால் நாளைக்கு வேறு எந்த நோய்க்கும் அந்தக் கை உதவும், கொரோனாவில் பார்த்தோமே. ஆனால் சேர முன்னம் ஒன்று கேட்டு எழுது. பல்சிபாரத்தின் பழைய சுமையையே திரும்பவும் ஏற்றப்போகிறார்களா, அல்லது வைவக்சின் உறங்கும் கட்டத்தில் வேலை தருவார்களா என்று. தராவிட்டால், வைரசை மறந்துவிட்டுப் புரதம் செய்கிற வேறு இடம் தேடு. சின்னமுத்துக் காவியில் ஆசை இருக்கிறது என்பது தெரியும். ஆசையை இரண்டாவது பட்டத்துக்கு வைத்துக்கொள்.

"அப்ப கேட்டுப் பாக்கிறன்" என்று போனாள்.

போன வெள்ளிக்கிழமை போன் எடுத்தாள். பதில் வந்துவிட்டது, வைவக்சில் வேலை செய்யலாமாம். ஒரு தொல்லை மட்டும். பல்சிபாரம் மாதிரி வைவக்சை ஆய்வுகூடக் குடுவையில் தொடர்ந்து வளர்க்க முடியாது, ஒவ்வொரு தடவையும் நோயாளரின் புது இரத்தம் வேண்டும். அவள் வன்னி என்று தெரிந்ததும், அந்தப் பக்கத்து வைத்தியசாலைகளிலிருந்து வைவக்ஸ் இரத்தம் எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

"என்ன மாமா எழுத?"

"வன்னியில ஒருத்தரும் இல்லை எண்டு எழுது."